போட்டோ அனுப்புங்க, டீச்சர்!

தென் கொரியாவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷ அனுபவம், ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்? அதெல்லாம் அப்புறம். முதலில் போட்டோ. முகம் தெளிவாக, பல் தெரியச் சிரித்து, "கொஞ்சம் பிரைட்டா இருந்தா நல்லது" என்று ஏஜென்ட் எழுதியிருந்தார். திருச்சி வெயிலில் பிறந்த நிறம் என்னுடையது. இதற்கு மேல் எப்படி பிரைட் ஆவது? டியூப் லைட்டை விழுங்கிவிட்டா போஸ் கொடுப்பது?

அனுப்பினேன். முக்கால்வாசி இடங்களில் பதிலே இல்லை. ஒரே ஒருவர் மட்டும், பாவம், நேர்மையாக எழுதினார்: "எங்ககிட்ட படிக்கிற பிள்ளைங்களோட அம்மாக்கள் வேற மாதிரி எதிர்பார்க்கிறாங்க." வேற மாதிரி என்றால் என்ன மாதிரி என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்படிச் செய்வது தப்பு என்று சொல்ல அந்த நாட்டில் ஒரு பொதுவான சட்டம் கூட இல்லை. பாகுபாட்டைத் தடுக்கும் முழுச் சட்டம் ஒன்றை 2007இல் முதன்முதலாகக் கொண்டுவரப் பார்த்தார்கள். அன்றிலிருந்து பல முறை அது பிறக்கிறது, தவழாமலே போய்ச் சேர்கிறது.

இத்தனைக்கும் என் கையில் இருப்பது கனடா பாஸ்போர்ட். சின்ன வயசிலேயே குடும்பத்தோடு டொரான்டோ போய், அங்கேயே பள்ளிக்கூடம், அங்கேயே பட்டம். அது இல்லாவிட்டால் இந்தப் போட்டோ நாடகத்துக்கே அனுமதி கிடையாது. கொரியாவின் இ-2 விசாவில் ஆங்கிலம் கற்பிக்க ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் வாசல் திறக்கும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. முடிந்தது லிஸ்ட். திருச்சியில் என் சித்தி பெண் இருக்கிறாள். ஆங்கிலத்தில் எம்.ஏ., கூடவே பி.எட்., பல வருஷமாகப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். இலக்கணத்தில் என்னை ஒரே வாயில் முழுங்கிவிட்டு ஏப்பம் விடுவாள். அவள் இந்த வேலைக்கு வர முடியாது. மீன்வளம் படித்துவிட்டு, வகுப்பறையை மாணவனாக மட்டுமே பார்த்திருக்கிற 22 வயசுக் கனடாப் பையன் வரலாம். எந்தப் பாடத்தில் பட்டம் என்று யாரும் கேட்பதில்லை. 2010இல் அமலுக்கு வந்த இந்திய – கொரிய வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்கும் ஒரு விரற்கடை கதவைத் திறந்தார்கள், அதுவும் பள்ளிகளில் துணை ஆசிரியராக. தனியார் டியூஷன் சென்டருக்கு அது செல்லாது. அந்த டியூஷன் சென்டர்தான் ஹக்வொன். என் கதை நடப்பது அங்கேதான்.

சித்திக்கு இதெல்லாம் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கொரியாவா? சாம்சங்லயா?" என்றார். இல்லை சித்தி, டியூஷன் எடுக்கறேன். போனில் ஒரு நிமிஷம் மௌனம். "சம்பளம்?" மாசம் 23 லட்சம் வோன். அவ்வளவுதான், வோன் என்ற வால் அவர் காதில் விழவே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஸ்ரீரங்கம், உறையூர், தில்லைநகர் எல்லாம் தகவல் போய்விட்டது. இன்றைக்கும் என் பெயரைச் சொல்லித் தம்பிக்குப் பெண் பார்க்கிறார்கள்.

அந்த 23 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? 2026இல் கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வோன். முழு நேரம் வேலை பார்த்தால் மாசத்துக்குச் சுமார் 21.5 லட்சம். அதாவது கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ராத்திரி கல்லாவில் நிற்கிற பையனுக்கும் எனக்கும் நடுவில் சின்ன வித்தியாசம்தான். அவனை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை, அது வேறு. எனக்கு முந்திய தலைமுறை ஆசிரியர்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுகிறார்கள். 2006 வாக்கில் அவர்களுக்கும் 20, 21 லட்சம்தான். ஆனால் அப்போது குறைந்தபட்சக் கூலி 3,100 வோன்! கூலி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. ஆங்கில டீச்சர் மட்டும் அதே படியில் நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறாள். வீடு தருகிறார்களே என்பீர்கள். தருகிறார்கள். குளியலறையில் ஷவரைத் திறந்தால் டாய்லெட் பேப்பர் நனையும், அப்படி ஒரு ஒற்றை அறை. மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை. அதை விடுங்கள், நம் ஊர் மேன்ஷன்களில் வாழ்ந்தவர்களுக்கு அது ஒரு விஷயமா?

விசாவுக்காக நான் சேர்த்த காகிதங்களை வைத்து ஒரு ஓட்டு வீட்டுக்கே கூரை போடலாம். போலீஸ் சான்று, கைரேகை, பட்டத்தின் நகல், அதன் மேல் ஒரு முத்திரை, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை. வந்து இறங்கியதும் மருத்துவப் பரிசோதனை, போதைப் பொருள் சோதனை. சரி, குழந்தைகளோடு பழகும் வேலை, கேட்கட்டும். ஆனால் இதில் ஒரு பழைய கறை உண்டு. 2007 முதல் வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம் என்றார்கள். அதே வேலை பார்க்கிற கொரியர்களுக்குக் கிடையாது, கொரிய வம்சாவளி வெளிநாட்டினருக்கும் கிடையாது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை மறுபடி பரிசோதனைக்குப் போக மாட்டேன் என்றார், வேலை போனது. விடவில்லை. ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015இல் அந்தக் குழு அவர் பக்கம் நின்றது. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் யோசித்துவிட்டு 2017இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். முகம் தெரியாத அந்த அம்மாளுக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரியில் கையை நீட்டினேன்.

இப்போது உள்ளே வாருங்கள். சியோலுக்குத் தெற்கே, அடுக்குமாடிகள் கதிர் போல நெருங்கி நிற்கிற ஒரு புறநகர். ஒரே கட்டடத்தில் கீழே பேக்கரி, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவதில் கணக்கு ஹக்வொன், மூன்றாவதில் நாங்கள், மேலே டேக்வாண்டோ. வரவேற்பறைச் சுவர் முழுக்க ஒரு பெரிய போஸ்டர். அதில் தங்க முடி அலைபாய ஒரு வெள்ளைக்காரப் பெண் பூமி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் இங்கே வேலை பார்த்ததே இல்லை. எந்த ஹக்வொனிலும் வேலை பார்த்திருக்க மாட்டாள். இன்டர்நெட்டில் காசு கொடுத்து வாங்கிய படம். பிட் நோட்டீஸிலும் அவள்தான், வேனிலும் அவள்தான். நான் எங்கே? நான் வகுப்பில். புதிதாகச் சேர்க்க வந்த ஒரு அம்மா, அந்தப் போஸ்டரைக் காட்டி, "இவங்க கிளாஸ்ல சீட் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் டைரக்டர் – வொன்ஜாங்நிம் என்று மரியாதையோடு சொல்ல வேண்டும் – ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. "அந்த டீச்சர் போன மாசம்தான் ஊருக்குப் போனாங்க" என்றார். வாழ்க்கையில் வராத ஒருத்திக்குப் பதிலாளாக நான் இருக்கிறேன்! யாருக்கு இந்தக் கொடுப்பினை கிடைக்கும்?

எனக்கும் ஒரு அறிவுரை கிடைத்தது. யாராவது கேட்டால் கனடா என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு முந்தின கதை வேண்டாம். குழந்தைகள் விடுவார்களா? ஏழு வயசுப் பெண் ஒருத்தி என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க கனடாவுல வெயில்ல ரொம்ப விளையாடினீங்களா?" என்றாள். அவள் மேல் கோபமே வரவில்லை. அவள் கேள்வியில் விஷம் இல்லை. விஷம் எல்லாம் அந்தப் போஸ்டரில் இருக்கிறது.

சரி, முகத்தை விடுங்கள். பாடம்? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

மாசம் ஒரு புத்தகம். அது குழந்தைக்குப் புரிந்ததா என்பது கேள்வியே இல்லை. முடிந்ததா என்பதுதான் கேள்வி. புத்தகத்துக்கு அம்மா தனியாகக் காசு கட்டியிருக்கிறார், எனவே ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் போன் வரும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பையன் தடுக்கி விழுந்து கிடக்கிறான். அவனைக் கைகொடுத்துத் தூக்கி, இன்னும் இரண்டு நாள் அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான். நேரமில்லை. நாற்பதாம் பக்கம் கூப்பிடுகிறது. நான் போர்டில் விடை எழுதுவேன், அவன் அழகாகப் பார்த்து எழுதுவான், நான் அதற்கு ஒரு டிக், ஒரு ஸ்டிக்கர். புத்தகம் நிறைந்துவிட்டது. அம்மாவுக்குச் சந்தோஷம். பையனின் தலைக்குள் என்ன போயிருக்கிறது? ஸ்டிக்கர்.

அடுத்த மாசம் அவன் மேல் லெவலுக்குப் போவான். ஏன்? எதிர் ஃபிளாட் பையன் போய்விட்டானே! லெவல் டெஸ்டில் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வொன்ஜாங்நிம் அந்தத் தாளை மடித்து டிராயரில் வைத்துவிட்டார். "கீழே வெச்சா பக்கத்து ஹக்வொனுக்குப் போயிடுவாங்க, டீச்சர்." பக்கத்து ஹக்வொன் என்றால் உண்மையிலேயே பக்கத்துக் கட்டடம். எங்கள் ஜன்னலிலிருந்து அவர்கள் போஸ்டர் தெரியும். அதில் ஒரு வெள்ளைக்கார ஆண்.

மாசக் கடைசியில் ரிப்போர்ட். ஒவ்வொரு குழந்தைக்கும் நாலு வரி எழுத வேண்டும். குறை சொல்லக் கூடாது. "வகுப்பில் வாயே திறப்பதில்லை" என்று எழுதினேன். திருத்தி வந்தது: "கவனமாகக் கேட்கும் பழக்கம் உடையவன்." "பக்கத்தில் இருக்கிறவனைக் குத்துகிறான்" என்று எழுதினேன். "நண்பர்களோடு சுறுசுறுப்பாகப் பழகுகிறான்." இதைப் பார்த்துப் பார்த்து எனக்கே கை பழகிவிட்டது. தூங்குகிறவனைப் பற்றி இப்போதெல்லாம் நானே "அமைதியான சுபாவம்" என்று எழுதிவிடுகிறேன்.

அவன் தூங்குவதில் என்ன ஆச்சரியம்? பள்ளி விட்டதும் மஞ்சள் வேன். கணக்கு, பியானோ, டேக்வாண்டோ, அப்புறம் நாங்கள். நடுவில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் நின்றபடியே ஒரு முக்கோண கிம்பாப் சோற்றுப் பொட்டலம், அதன் பாலிதீனைப் பிரிக்கிற வேகம் ஒன்பது வயசுக்கு ரொம்ப அதிகம். என்னிடம் வரும்போது அவனுக்கு மிச்சமிருக்கிற ஆங்கிலம் இரண்டே சொல்தான்: "டீச்சர், டயர்ட்." இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். நான் என்ன திருத்துவது?

வருஷத்துக்கு ஓரிரு முறை ஓப்பன் கிளாஸ். அம்மாக்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்காருவார்கள். அதற்கு முந்தின இரண்டு வாரமும் ஒத்திகை. நான் என்ன கேட்பேன், யார் கை தூக்குவார்கள், யார் என்ன பதில் சொல்வார்கள், எந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், அத்தனையும் எழுதி வைத்தது. எந்தக் குழந்தைக்கும் ஒரு பதில் கூடக் குறையக் கூடாது, எண்ணுவார்கள். ஒரு தடவை ஒரு பொடியன் எழுதி வைத்த பதிலை மறந்துவிட்டு, சொந்தமாக யோசித்து, உடைந்த ஆங்கிலத்தில் தன் நாய்க்குட்டி செத்துப்போனதைச் சொல்லிவிட்டான். அத்தனை மாசத்தில் அந்த அறையில் யாராவது உண்மையாகப் பேசிய ஆங்கிலம் அது ஒன்றுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் எனக்கு விழுந்தது திட்டு: அந்தப் பையனைச் சரியாகத் தயார் பண்ணவில்லையாம்.

ஓப்பன் கிளாஸ் இல்லாத நாளிலும் தப்ப முடியாது. கேமரா இருக்கிறது. "எங்க பொண்ணை இன்னிக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டாங்க" என்று வரவேற்பறைத் திரையைப் பார்த்துவிட்டு ஒருவர் புகார் சொல்வார். அந்தப் புகாரை வாங்குவது நான் இல்லை. என்னோடு வகுப்பைப் பங்கு போடும் கொரிய ஆசிரியை. இவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. என்னைவிடச் சம்பளம் குறைவு, வீடு கிடையாது, வகுப்பு அதிகம். அது போக அம்மாக்களின் போன், காக்காவோ டாக் ஆப் மெசேஜ், அழுகிற குழந்தை, நான் புரியாமல் முழிக்கிற சர்க்குலர், எல்லாம் அவர் தலையில். ராத்திரி அவர் போன் மினுக்கிக்கொண்டே இருக்கும். இலக்கணம் அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார், குழந்தைகளுக்கு ஏதாவது வருகிறதென்றால் அது அவரால்தான். ஆனால் சுவரில் பெயர் யாருக்கு? நேட்டிவ் டீச்சருக்கு! இப்படி ஒரு ஏற்பாட்டில் நான் பாதிக்கப்பட்டவள் என்று மட்டும் எப்படிச் சொல்லிக்கொள்வது?

இவ்வளவு ஆங்கிலமும் எதற்கு என்று கேட்டால், எல்லா விரலும் ஒரே திசையில் நீளும்: சுநுங். நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அன்று ஆங்கிலத்தில் கேட்டு எழுதும் பகுதி நடக்கிற 35 நிமிஷம் நாடு முழுக்க விமானங்கள் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சத்தம் கேட்டுப் பிள்ளைகளின் கவனம் சிதறிவிடுமாம். அவ்வளவு பயபக்தி! ஆனால் அந்த ஆங்கிலத் தாளில் இருக்கிற 45 கேள்வியில் 17 கேட்டுப் பதிலளிப்பவை, 28 வாசித்துப் பதிலளிப்பவை. வாயைத் திறக்க வேண்டிய கேள்வி எத்தனை? ஒன்று கூட இல்லை. அதனால்தான் பிள்ளை நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் எங்களிடமிருந்து கழற்றி, இலக்கணமும் பழைய கேள்வித்தாளும் அரைக்கிற இன்னொரு ஹக்வொனில் சேர்த்துவிடுகிறார்கள். பேசிப் பழக்குவதற்கென்று கடல் தாண்டி எங்களை வரவழைத்து, பேச்சே இல்லாத பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2025 நவம்பர் தேர்வில் ஆங்கிலத்தில் முதல் கிரேடு எடுத்தவர்கள் 3.11 சதவீதம் பேர்தான். தாள் அவ்வளவு கடினமாகிப் போனதால் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் தலைவரே டிசம்பரில் பதவி விலகினார். அடுத்த வாரம் எங்கள் ஹக்வொனில் என்ன நடந்தது தெரியுமா? சேர்க்கை கூடியது! "பார்த்தீங்களா, ஆங்கிலம் இப்போ கஷ்டமாயிடுச்சு, இப்பவே ஆரம்பிக்கணும்." சொன்னது ஆறு வயசுப் பிள்ளையின் அம்மாவிடம்.

ஆறு வயசு என்பதே அங்கே தாமதம். ஆங்கில கிண்டர்கார்டன் என்று ஒன்று உண்டு. சட்டப்படி அதுவும் ஹக்வொன்தான், கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்துக்கொள்ளவே கூடாது, ஆனாலும் ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது. அரசு 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் அதற்கு மாசம் சராசரியாக 15 லட்சத்து 45 ஆயிரம் வோன் கட்டணம். என் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பொடிக்கு! பேர் போனவற்றில் சேர நுழைவுத் தேர்வு வைத்தார்கள். பெரிய பதவிகளுக்கு நடத்தும் தேர்வின் பெயரையே வைத்து 'நாலு வயசுக்காரர்களின் பரீட்சை', 'ஏழு வயசுக்காரர்களின் பரீட்சை' என்று ஜனங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். சியோலின் தேச்சி-தோங் பக்கம் போனால் அந்தப் பரீட்சைக்குத் தயார் செய்வதற்கே வேறு வகுப்பு இருந்தது. டியூஷனில் சேர டியூஷன். 2025இல் மனித உரிமை ஆணையமே இது குழந்தைகளின் உரிமையைப் பறிப்பது என்று சொல்லிவிட்டது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1980இல் ராணுவ ஆட்சி நடத்திய சுன் டூ-ஹ்வான் தனியார் டியூஷனையே தடை செய்து பார்த்தார். வாத்தியார் ஒளிந்து ஒளிந்து வந்து போனார். 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அப்புறம் ராத்திரி 10 மணிக்கு மேல் சியோலில் ஹக்வொன் நடத்தக் கூடாது என்று விதி. 2009இல், மீறுகிற ஹக்வொனைக் காட்டிக்கொடுத்தால் பரிசு என்றார்கள். அதையே தொழிலாக்கிக்கொண்டு கேமராவோடு அலைந்தவர்களும் உண்டு. என்ன ஆனது? 2024இல் பள்ளிப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் ஏதாவது ஒரு தனியார் வகுப்புக்குப் போனார்கள். குடும்பங்கள் அதற்குக் கொட்டியது 29.2 லட்சம் கோடி வோன். நம் ரூபாயில் ஒன்றே முக்கால் லட்சம் கோடி. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிற நாட்டில் இது! 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. ஏன் பெற்றுக்கொள்ளவில்லை என்று அரசு கூட்டம் போட்டு யோசிக்கிறது. எங்கள் வரவேற்பறை சோபாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், காரணம் தானாக வந்து ரசீது வாங்கிக்கொண்டு போகும்.

அம்மாக்களைத் திட்டத்தான் முதலில் வாய் வந்தது. இப்போது வருவதில்லை. ஒரு அம்மா மார்ட்டில் பகுதிநேரம் வேலை பார்க்கிறார். அந்தச் சம்பளம் அப்படியே எங்கள் கல்லாவுக்கு வருகிறது. "எல்லாரும் அனுப்பறாங்க, நான் அனுப்பலைன்னா?" என்றார். இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லுங்களேன், எனக்குத் தெரியவில்லை. பயத்தில் நடக்கிற வியாபாரம் இது. ஆங்கிலம் வெறும் பேக்கிங் கவர்.

வொன்ஜாங்நிம் மேல் கூடப் பாதி நாள் இரக்கம்தான். கடன், வாடகை, எதிர்க் கட்டடத்துப் போஸ்டர். ஒரு பிள்ளை நின்றுவிட்டால் அன்று முழுக்க அவர் முகம் பார்க்க முடியாது. ஆனால் மீதிப் பாதி நாள்? அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சம்பளச் சீட்டில் ஒரு மாசம் பிடித்தம் 3.3 சதவீதம் மட்டும் என்று பார்த்ததும் நான் மகிழ்ந்தேன், வரி இவ்வளவு கம்மியா! கொரிய ஆசிரியைதான் தலையில் அடித்துக்கொண்டார். அது சுயதொழில் செய்கிறவர்களுக்கான பிடித்தம். அதாவது காகிதத்தில் நான் இவர்களுடைய ஊழியையே இல்லை. மணியடித்தால் வந்து, மணியடித்தால் போய், சிரிக்கச் சொன்னால் சிரிக்கிற ஒரு 'சுதந்திரத் தொழில்முனைவோர்'! ஊழியை இல்லையென்றால் தேசிய ஓய்வூதியத்தில் முதலாளி கட்ட வேண்டிய சரிபாதி மிச்சம். ஒரு வருஷம் முடித்தால் தர வேண்டிய ஒரு மாசச் சம்பளப் பணிக்கொடையும் மிச்சம் என்று நம்புகிறார்கள். கனடாக்காரர்கள் நாட்டைவிட்டுப் போகும்போது கட்டிய ஓய்வூதியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கட்டியிருந்தால்தானே?

எனக்கு முன்னால் இருந்தவரைப் பதினோராம் மாசத்தில் அனுப்பிவிட்டார்கள். காரணம், 'அம்மாக்களுக்குத் திருப்தியில்லை.' பன்னிரண்டு முடிந்திருந்தால் பணிக்கொடை தர வேண்டுமே. இது இந்த ஒரு இடத்துச் சங்கதி இல்லை, ஹக்வொன் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அதில் ஒருவருக்காவது ஒரு பதினோராம் மாசக் கதை இருக்கும். எதிர்த்துக் கேட்கலாமே? ஐந்து பேருக்குக் குறைவாக ஊழியர் இருக்கிற இடத்தில் காரணமில்லாமல் வேலையைவிட்டு நிறுத்துவதற்கு எதிரான பாதுகாப்பே சட்டத்தில் பொருந்தாது. ஆண்டு விடுப்பும் கிடையாது, ஓவர்டைமுக்குக் கூடுதல் கூலியும் கிடையாது. அதனால் சில இடங்களில் ஊழியர் எண்ணிக்கை எப்போதும் நாலிலேயே அதிசயமாக நின்றுவிடுகிறது. சரி, வேறு இடம் பார்க்கலாமே? விசா இந்த ஹக்வொன் பெயரில் இருக்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் மாற வேண்டுமானால் இவர்கள் சம்மதக் கடிதம் தர வேண்டும். யாரைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறோமோ அவரிடமே போய், ஐயா ஒரு கையெழுத்து என்று நிற்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால்? சம்பளத்தோடு நோய் விடுப்பு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு. எனக்கு எழுதியிருந்தது. எடுத்தவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை. சலைன் ஏற்றிக்கொண்டு, கையில் பிளாஸ்டரோடு சாயங்கால வகுப்புக்கு வந்து நின்ற கொரிய ஆசிரியையைப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு நான் போய்க் கேட்பது?

சித்தி பெண் இன்னும் போன் செய்கிறாள். கே-டிராமாவில் காட்டுகிற செர்ரிப் பூவெல்லாம் நிஜமா என்கிறாள். நிஜம்தான், ஏப்ரலில் ஒரு வாரம். எனக்கு அந்த வாரம் ஓப்பன் கிளாஸ் ஒத்திகை.

கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ லண்டனிலோ வளர்ந்த நம் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஒழுங்கான ஹக்வொன்களும் இருக்கின்றன. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் தேசிய ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 3.3 என்ற எண் எங்கே கண்ணில் பட்டாலும் நிறுத்திக் கேளுங்கள். எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். விசா விஷயத்துக்கு 1345, சம்பள விஷயத்துக்கு 1350, இரண்டு எண்ணையும் வந்து இறங்கிய அன்றே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களுக்கு முன் அதே நாற்காலியில் இருந்த ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசவிடத் தயங்கினால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள்.